கல்லூரிக் கட்டணத்துக்குத் தை மாதத்திலேயே திட்டமிடுங்கள்

டெல்டாப் பகுதியில் சம்பா நெல் விற்ற பணம் தை, மாசியில் கைக்கு வருகிறது. கல்லூரிக் கட்டணமோ ஆனி, ஆடியில் கட்ட வேண்டியிருக்கிறது. விதை, உழவு, உரச் செலவும் அப்போதுதான் வந்து சேரும். பல வீடுகளில் நகை அடகுக்குப் போவதற்கு இந்த இடைவெளியே காரணம்.

ஆகவே நெல் விற்றவுடன் முதல் தவணைக்கான தொகையை 5, 6 மாதத்தில் முதிரும் வைப்பாக வங்கியில் போட்டுவிடுவது நலம். மாதாமாதம் கட்டும் சேமிப்பு சம்பளக்காரர்களுக்கு ஏற்றது. பருவ வருமானம் உள்ள விவசாயிக்கு ஒத்துவராது. செலவைக் கணக்கிடும்போது விடுதிச் சாப்பாட்டை மறக்கக் கூடாது. அரசுக் கல்லூரிகளில் அதுவே படிப்புக் கட்டணத்தை மிஞ்சுவதுண்டு.

கூட்டுறவுப் பயிர்க்கடனை எடுத்துக் கட்டணம் கட்டுவது தவறு. அக்கடனைத் தவணைக்குள் செலுத்தினால்தான் வட்டியில்லை. பயிருக்குப் போகாத பணம் அறுவடையில் திரும்பி வராது.

இதற்குக் கல்விக்கடனே சரியான வழி. வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி 7.5 லட்சம் ரூபாய் வரை நிலப் பத்திரம் தேவையில்லை. பெற்றோர் கூட்டுக் கடனாளியாகக் கையெழுத்திட வேண்டும். படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேயிருக்கும். ஆண்டுத் தொடக்கந்தோறும் 75,000 ரூபாய் வீதம் 4 ஆண்டுகளுக்கு, 10 சதவீத வட்டியில் கடன் பெறுவதாகக் கொள்வோம். 5 ஆண்டு முடிவில் வட்டி மட்டும் 1,05,000 ரூபாயாகி அசலோடு சேரும். பிறகு அதற்கும் வட்டி. முதலாண்டில் மாத வட்டி 625 ரூபாய்தான். இரண்டாமாண்டில் 1,250. பால் பணத்திலிருந்து இதை அவ்வப்போது கட்டி வரலாம். இப்படிக் கட்டுவோருக்குச் சில வங்கிகள் வட்டியைச் சற்றுக் குறைப்பதுமுண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தரச்சான்று பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு படிப்போருக்கு இந்த இடைக்கால வட்டியை மத்திய அரசு மானியமாகத் தரும் திட்டமும் உண்டு. வங்கியில் விசாரித்து மனுச் செய்ய வேண்டும்.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குச் செல்பவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் தமிழக அரசு கட்டணச் சலுகை தருகிறது. ஆனால் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் இடம் பெற்றால்தான் இது கிடைக்கும். நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டிச் சேர்ந்துவிட்டுப் பின்னர் கேட்பதில் பயனில்லை. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வகுப்பு வரை படித்தவர்களுக்கு 2021 முதல் பொறியியல், வேளாண்மை போன்ற படிப்புகளில் 7.5 சதவீத இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. அவ்விடங்களுக்கு விடுதிச் செலவு உட்பட அரசே ஏற்பதாக அறிவித்தது.

முதல் பட்டதாரி, வருமானம், சாதி ஆகிய சான்றுகளை இ-சேவை மையம் வழியே பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு, சித்திரையிலேயே வாங்கி வைத்துக்கொள்ளவும். ஆனியில் கூட்டம் அதிகம்.