மாவட்டக் கோட்டா வெட்கமா?

கடந்த நோன்புப் பெருநாளுக்குச் சாச்சி குடும்பத்தோடு கொழும்பிலிருந்து முல்லைத்தீவுக்கு வந்திருந்தார். அவருடைய மகளும் என்னைப் போலவே இவ்வருடம் க.பொ.த. உயர்தரப் பரீட்சை எழுதவிருக்கிறாள். பேச்சோடு பேச்சாக, "உனக்கென்ன பயம்? உங்களுக்குத்தான் மாவட்டக் கோட்டா இருக்கே!" என்றாள். சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அந்தச் சொல் மனதில் தைத்துவிட்டது. இன்னொருவருடைய இடத்தையா நான் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறேன்? விடை தேடியபோது அறிந்ததை இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

அரச பல்கலைக்கழகங்களின் பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் வழங்கப்படுகின்றன. 55 சதவீதம் சனத்தொகை விகிதப்படி மாவட்டங்களுக்குப் பகிரப்படுகிறது. மீதி 5 சதவீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாகக் கிடைக்கிறது. முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா, மன்னார் ஆகியவை அவற்றுள் அடங்கும். நமது மாவட்டம் எதுவென்பதைப் பிறப்புச் சான்றிதழ் தீர்மானிப்பதில்லை. படித்த பாடசாலை இருக்கும் இடமே தீர்மானிக்கிறது.

ஏன் இப்படி? வினாத்தாள் ஒன்றுதான், ஆனால் வகுப்பறை ஒன்றல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மாவும் சாச்சியும் சிறுபிள்ளைகளாகப் புத்தளத்துக்குப் போனார்கள். யுத்தம் முடிந்தபின் உம்மா ஊருக்குத் திரும்பினார். சாச்சி திருமணமாகிக் கொழும்புக்குப் போனார். பௌதிகவியல் ரியூசனுக்கு நான் பஸ் ஏறி வவுனியாவுக்குப் போகிறேன். மச்சிக்கு அது அடுத்த தெரு. அவளைவிட நான் கெட்டிக்காரியும் அல்ல, மக்கும் அல்ல.

இந்தக் கணக்கை உலகத்துக்கும் போட்டுப் பார்க்கலாம். மனிதர்களின் வருமான வித்தியாசத்தில் பாதிக்கு மேற்பட்டதை அவர்கள் வாழும் நாடே விளக்கிவிடுகிறது என்கிறார் பொருளியலாளர் பிராங்கோ மிலனோவிச். உழைப்பு, திறமை, குடும்பப் பின்னணி எல்லாம் மீதிக்குள்தான்.

ஜேர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கற்கைக் கட்டணம் இல்லை. ஆனால் மாணவர் வீசாவுக்கு ஒரு வருடச் செலவாக 11,904 யூரோவைத் தனிக் கணக்கொன்றில் வைப்பிலிட்டுக் காட்டுவதே வழமை. இது இலங்கையர் ஒருவரின் சராசரி ஆண்டு வருமானத்தின் இரண்டு மடங்கிலும் அதிகம். அங்கேயே பிறந்த பிள்ளைக்கு இந்தத் தடை இல்லை. கொழும்புக்கும் முல்லைத்தீவுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் குறைக்க ஒரு கோட்டா இருக்கிறது. பெர்லினுக்கும் கொழும்புக்கும் இடையில் அப்படி ஒன்றும் இல்லை. அந்த வரிசையில் மச்சியும் பின்தங்கிய மாவட்டக்காரிதான்!

ஓரளவு ஈடுகொடுப்பவை புலமைப்பரிசில்களே. இந்திய அரசின் புலமைப்பரிசில்கள், பொதுநலவாயப் புலமைப்பரிசில், ஜேர்மனியின் டாட் போன்றவை இலங்கையருக்கும் திறந்திருக்கின்றன. பெற்றோரே, காணியையும் நகையையும் ஈடு வைத்து முகவரிடம் போகுமுன் இவற்றுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

தோழிகளே, கோட்டாவில் வெட்கம் இல்லை. கதவு திறந்தபின் உள்ளே படித்துச் சித்தியடைய வேண்டியது நாங்கள்தான். கிடைக்கும் இடம் ஓர் அமானிதம். எனக்குக் கிடைத்தால், இன்ஷா அல்லாஹ், பௌதிகவியல் ஆசிரியையாக இங்கே திரும்பி வருவேன். அப்போது என் மாணவிகள் வவுனியா பஸ்ஸுக்குக் காத்திருக்கத் தேவையில்லை.