இளவேனிலும் ஜாஸ் இசையும்

ஜாஸ் இசையென்றால் நடனசாலை ஆரவாரம் என்றே நம்மவருட் பலர் கருதிவிடுகின்றனர். 1963இல் டியூக் எலிங்டன் தம் குழுவினருடன் கொழும்பிற்கு வந்து வாசித்ததைக் கேட்ட மூத்தோர் அவ்வாறு கூறமாட்டார்கள். இசைத்தட்டிலும் வானொலியிலும் மட்டும் கேட்டறிந்த நாம், அவ்விசை பிறந்த ஊரிலே அது எவ்வாறு வாழ்கின்றது என்பதை அறிந்துகொள்வது நன்று.

அவ்வூர் நியூ ஓர்லியன்ஸ். ஐக்கிய அமெரிக்காவின் தெற்கே, மிசிசிப்பி ஆறு பெருவளைவாய்த் திரும்பும் இடத்தில் அமைந்துள்ளது. கோடையில் அங்கே புழுக்கம் தாங்கவொண்ணாது. ஆதலின் ஏப்ரல் மாதத்திலும் மே மாதத் தொடக்கத்திலும், மல்லிகை மணக்கும் தெருக்களே இசையரங்குகளாகிவிடுகின்றன.

ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாய்க் கொணரப்பட்டோரும் அவர்தம் வழிவந்தோரும், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், ஞாயிறு பிற்பகல்களிற் கொங்கோ சதுக்கம் என்னும் வெளியிலே கூடி முழவொலித்து ஆடினர். வாரமெல்லாம் பிறர்க்கு உழைத்தோர்க்கு அந்தச் சில நாழிகையே சொந்தமாயிருந்தது. அத்தாளமும் தேவாலயப் பாட்டும் படையணிகளின் பித்தளை வாத்தியங்களும் கலந்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜாஸ் உருக்கொண்டது. அந்நகரின் வறிய குடும்பமொன்றில் 1901இற் பிறந்த லூயி ஆம்ஸ்ட்ரோங், ட்ரம்பெட் வாசித்தே அதனை உலகறியச் செய்தார்.

புளூஸ் இதற்கு நெருங்கிய உறவு. முதலடியைப் பாடி, அதனையே மீளப் பாடி, மூன்றாமடியில் விடையிறுப்பது அதன் பொதுவான அமைப்பு. பாடுபவர் மூச்சுவிடும் இடைவெளியிற் கித்தார் மறுமொழி கூறும். நம் கச்சேரிகளில் நிரவல் கேட்டுச் சுவைத்தவர்க்கு இது விளங்குவதில் இடரில்லை. கைதட்டுவதில்தான் சங்கடம்! நான்கு எண்ணிக்கையில் இரண்டாவதிலும் நான்காவதிலும் அவர்கள் தட்டுவர். நாமோ முதலெண்ணிக்கையிலே தட்டிப் பழகியவர்கள்.

இன்று இலட்சக்கணக்கானோர் திரளும் நியூ ஓர்லியன்ஸ் ஜாஸ் விழா 1970இல் அதே கொங்கோ சதுக்கத்திலே தொடங்கியபோது, வந்தவர் ஏறத்தாழ 350 பேரே. கேட்க வந்தோரிலும் பங்குபற்ற வந்தோர் மிகுதி. பக்திப் பாடகி மஹாலியா ஜாக்சன், தெருவழியே வந்த பித்தளை வாத்தியக் குழுவுடன் சேர்ந்து பாடியது அவ்வாண்டிலேதான். இப்போது அவ்விழாவிற்கு உலகப் புகழ்பெற்ற பாடகர்கள் வருகின்றனர். நுழைவுச் சீட்டின் விலையும் உயர்ந்துவிட்டது. நம்மைக் கேட்டால், 1984இல் தொடங்கிய பிரெஞ்சுப் பகுதி விழாவையே விரும்புவோம். உள்ளூர்க் கலைஞர்களுக்கே அங்கு முதலிடம்; பொதுமக்கள் கட்டணமின்றிக் கேட்கலாம்.

அவ்வுள்ளூர்க் கலைஞர்களே இல்லாதொழிவரோ என்று அஞ்சவேண்டிய காலமொன்றும் வந்தது. 2005 ஓகஸ்ட் 29இற் கத்ரீனா சூறாவளி தாக்கி, வெள்ளத்தடுப்பு அணைகள் உடைந்தன. நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் ஆழ்ந்தது. வீட்டையும் வாத்தியத்தையும் இழந்த கலைஞர்கள் வேற்றூர்களிற் சிதறினர். இசையைத் தட்டுகளிற் காப்பாற்றிவிடலாம். தந்தையிடமிருந்து மகனும், மூத்த கலைஞரிடமிருந்து அயல்வீட்டுச் சிறுவனும் கற்றுக்கொள்ளும் தெருவை எங்ஙனம் காப்பாற்றுவது? எட்டு மாதங்கள் கழித்து, 2006 இளவேனிலில் விழாக்கள் தவறாது நடந்தன. வெளியூர்களிலே தங்கியிருந்தவர்களும் வந்து வாசித்துச் சென்றனர். ஆனால், வாசித்தபின் திரும்பிச் செல்ல ஊரில் வீடு வேண்டுமே! ஹாரி கொனிக், பிரான்போர்ட் மார்சாலிஸ் என்னும் அவ்வூர்க் கலைஞர் இருவரின் முயற்சியால், தொண்டர்களின் உழைப்போடு, 'இசைஞர் கிராமம்' என்ற பெயரில் 72 வீடுகள் எழுந்தன.

விழாக்கால நெரிசலை விரும்பாதவர்க்குப் 'பிரிசர்வேஷன் ஹோல்' என்னும் சிறு மண்டபம் உண்டு. நிறப்பிரிவினைச் சட்டங்கள் நிலவிய 1961இலே தோன்றியது அது. மங்கிய சுவர்கள், சில வாங்குகள். பின்னால் வருவோர் நின்றே கேட்பர். ஒலிபெருக்கி கிடையாது. முக்கால் மணியளவில் ஒரு கச்சேரி நிறைவுறும்; அதற்குள் அடுத்த கூட்டம் வாயிலிலே வரிசையாய் நிற்கும்.