படிக்க மூட் வரவில்லையா? கைகொடுக்கும் தக்காளி டைமர்!

புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி, போனை எடுத்தால் உற்சாகம். பொதுத்தேர்வு நெருங்கும் வீடுகளில் இதனால் தினமும் சண்டைதான்.

1980-களின் இறுதியில் இத்தாலியின் கல்லூரி மாணவர் ஃபிரான்செஸ்கோ சிரில்லோவுக்கும் இதே பிரச்னை. பத்து நிமிடமாவது கவனம் சிதறாமல் படிக்க முடியுமா என்று தனக்குத்தானே சவால் விட்டார். தக்காளி வடிவ சமையலறை டைமரைத் திருகிவைத்து உட்கார்ந்தார். அப்படிப் பிறந்ததுதான் ‘பொமோடோரோ’ முறை. இத்தாலிய மொழியில் அதற்குத் தக்காளி என்று பொருள்.

எப்படிச் செய்வது?

* ஒரே ஒரு பாடம், 25 நிமிடம். போன் அடுத்த அறையில் இருக்கட்டும்.

* நடுவில் வேறு நினைப்பு வந்தால், தாளில் குறித்துவிட்டுப் படிப்பைத் தொடருங்கள்.

* மணி அடித்ததும் 5 நிமிடம் எழுந்து நடங்கள். நான்கு சுற்று முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை ஓய்வு.

படித்தது மறக்கிறதா?

புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுதிப் பாருங்கள். அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உடனே சோதித்தபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோதோ, எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. தேர்வு அறையில் கைகொடுப்பது இந்த நினைவுதான்.

பெற்றோரே, “படி, படி” என்று விரட்டவேண்டாம். அந்த 25 நிமிடம் டிவியை அணைத்துவையுங்கள், போதும்!