படைப்புழுவின் மரபணுவும் பெரம்பலூர் மக்காச்சோளமும்

பெரம்பலூர் மாவட்டத்து ரஞ்சன்குடிக் கோட்டையைச் சுற்றியுள்ள காடுகளில் மக்காச்சோளமும் பருத்தியும்தான் பிழைப்பு. மானாவாரியாக விதைத்துவிட்டு வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் பூமி. 2018-ல் இங்கே ஒரு புதுப் புழு இறங்கியது. மக்காச்சோளக் குருத்தைப் பிரித்தால் மரத்தூளைக் கொட்டியதுபோல ஈர எச்சம். அதற்கடியில் ஒரு பழுப்புப் புழு. தலையில் தலைகீழான ஆங்கில ‘ஒய்’ எழுத்து, வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளிகள். அதுதான் அமெரிக்கன் படைப்புழு. பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் அந்தப் பருவத்தில் பெருத்த நஷ்டம் கண்டன.

அமெரிக்கக் கண்டத்துக்கே உரிய இந்தப் பூச்சி 2016-ல் ஆப்பிரிக்காவில் தென்பட்டது. 2018 மே மாதம் கர்நாடகத்தின் சிவமொக்காவில் கண்டுபிடிக்கப்பட்டது. சில மாதங்களில் தமிழகம் முழுக்கப் பரவியது. இதன் அந்துப்பூச்சி ஒரே இரவில் நூறு கிலோமீட்டர் வரை பறக்கும் என்பதால் வேகத்தில் வியப்பில்லை. எங்கிருந்து கிளம்பி வந்தது என்பதுதான் கேள்வி.

அதற்கான தடயம் புழுவின் டி.என்.ஏ.வில் இருக்கிறது. இந்த இனத்தில் மக்காச்சோளத்தை நாடும் வகை, நெல்லை நாடும் வகை என்று இரண்டு உண்டு. தாய்வழியே மட்டும் வரும் மரபணு ஒன்றையும், பால் குரோமோசோமில் உள்ள மரபணு ஒன்றையும் ஒப்பிட்டு எந்த வகை என்று சொல்வார்கள். இந்தியப் புழுக்களில் பலவற்றில் முதலாவது நெல் வகையையும் இரண்டாவது மக்காச்சோள வகையையும் காட்டின. வந்தது கலப்பினம். தென்னாப்பிரிக்கப் புழுக்களோடும் இவை ஒத்துப்போனதால், ஆப்பிரிக்காவிலிருந்து ஒரே அலையாகக் கிழக்கே பரவியது என்று முதலில் கருதினார்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் தலைமையிலான குழு பல நாட்டுப் புழுக்களின் முழு மரபணுத் தொகுதியை ஒப்பிட்டு, 2022-ல் வேறு கதை சொன்னது. ஆசியாவுக்குள் இது பலமுறை, பல வழிகளில் நுழைந்திருக்கிறது. அப்படியென்றால் துறைமுகங்களில் தாவரச் சரக்குகளைச் சோதிக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

இந்த இனத்தின் மரபணுத் தொகுதியை முதலில் வாசித்தவர்களில் நம்மவர்களும் உண்டு. டெல்லியில் உள்ள பன்னாட்டு மரபணுப் பொறியியல், உயிரித் தொழில்நுட்ப மையத்தின் குழு 2014-ல் ஒரு வரைவை வெளியிட்டது. அவர்கள் எடுத்துக்கொண்டது உயிருள்ள புழுவை அல்ல. இதன் சூலகத் திசுவிலிருந்து 1970-களில் அமெரிக்காவில் பிரித்தெடுத்து, இன்றுவரை கண்ணாடிக் குடுவைகளில் வளர்க்கப்படும் செல்களை. கோவிட் காலத்தில் சீரம் நிறுவனம் புனேயில் தயாரித்த கோவோவாக்ஸ் தடுப்பூசியின் புரதம் இதே பூச்சியின் செல்களில்தான் உருவானது. நம் மக்காச்சோளத்தை அழித்த உயிரினத்தின் செல்கள்தான் தடுப்பூசிக்கும் உதவின என்பது எனக்கு இன்றும் பெரும் வியப்பு.

2017-ல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் முன்னின்று வெளியிட்ட ஆய்வு, இந்தப் புழுவின் பசிக்கு ஒரு காரணம் காட்டியது. சுவை அறியும் மரபணுக்கள் இதற்கு 230-க்கும் மேல். முசுக்கொட்டை இலையை மட்டுமே நம்பி வாழும் பட்டுப்புழுவுக்கு எழுபதை ஒட்டித்தான். செடிகள் தற்காப்புக்காகச் சுரக்கும் கசப்பு நஞ்சுகளை முறிக்கும் நொதிகளுக்கான மரபணுக்களும் இதனிடம் ஏராளம். ஒரு நஞ்சு உள்ளே போனால் ஒரு மரபணு மட்டும் விழிப்பதில்லை. ஒரு கூட்டமே சேர்ந்து கூடிக் குறைந்து இயங்குகிறது. அந்தக் கூட்டியக்கத்தைப் படிப்பதுதான் அமைப்பு உயிரியல். செடியின் நஞ்சை முறிக்கும் அதே ஏற்பாடு, கைத்தெளிப்பானிலிருந்து வரும் நஞ்சுக்கும் உதவுகிறது.

விவசாயிக்கு நேரடியாக உறைக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குளோர்பைரிபாஸ், புரோபனோபாஸ் போன்ற மருந்துகள் புழுவின் நரம்பில் உள்ள ஒரு நொதியைக் குறிவைக்கின்றன. அந்த நொதியின் மரபணுவில் ஒரு சிறு மாற்றம் நேர்ந்தாலே மருந்தின் வீரியம் குறைந்துவிடும். ஆசியாவுக்கு வந்த புழுக்களில் அந்த மாற்றம் காணப்பட்டது. ஊருக்கு வருமுன்பே எதிர்ப்புச் சக்தியைச் சுமந்துகொண்டுதான் பல புழுக்கள் வந்திருக்கின்றன. குளோரான்ட்ரனிலிப்ரோல் வகை மருந்துக்கு எதிரான மாற்றம் பிரேசிலில் பதிவாகியிருக்கிறது. அதே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் இங்கும் அது தலைதூக்கும்.

இத்தகைய மரபணு மாற்றத்தைக் கண்டறியப் பெரிய ஆய்வகம் தேவையில்லை. இனக்கவர்ச்சிப் பொறியில் விழும் அந்துப்பூச்சியின் ஒரு கால் போதும். கோவிட் காலத்தில் ஊரெங்கும் பழகிப்போன அதே பி.சி.ஆர். சோதனைதான். ஒவ்வொரு பருவமும் விதைப்பு முடிந்த கையோடு பொறிகளில் விழும் பூச்சிகளை வட்டாரவாரியாகச் சோதித்து, இந்த ஆண்டு எந்த மருந்து எடுபடாது என்பதை வேளாண் விரிவாக்க மையத்தின் பலகையில் எழுதிப்போட வேண்டும். கடன் வாங்கி மருந்து அடிப்பவருக்கு அந்த ஒரு வரி முதல் தெளிப்புக்கு முன்பே கிடைக்க வேண்டும். கடைசி உழவில் வேப்பம்புண்ணாக்கு, குருத்தில் மெட்டாரைசியம் பூஞ்சாணம் என்று வேளாண் பல்கலைக்கழகம் சொல்லிவரும் வழிகளையும் அதே பலகையில் சேர்த்து எழுதலாம்.