நம் பங்குப் பள்ளியில் பிள்ளைகள் வாசிக்கிறார்களா?

புதுநன்மைக்குத் தயாரிக்கும் வகுப்பில் அண்மையில் நாம் கண்ட ஒன்றை உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம். நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மறைக்கல்விப் புத்தகத்தை விரித்து, வரிமேல் விரலை ஓட்டியபடி தங்குதடையின்றி வாசித்தாள். அருகில் சென்று பார்த்தால், விரல் இருந்த பக்கம் வேறு, அவள் சொன்ன பாடம் வேறு. எல்லாம் மனப்பாடம். இன்னொரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தோம். ‘கோயில்’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். கண்களில் நீர்.

அவள் படிப்பது ஆலயத்தை ஒட்டியுள்ள நம் ஆர்.சி. தொடக்கப்பள்ளியில். அதன் தாளாளர் பங்குத்தந்தையே. ஆகவே கேள்வி முதலில் நம்மிடம்தான் வருகிறது.

இது எப்படி நான்கு ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் போகிறது? வகுப்பில் ஆசிரியர் ஒரு வரி சொல்ல, பிள்ளைகள் சேர்ந்து சொல்கிறார்கள். அந்தப் பெரிய குரலுக்குள் வாசிக்கத் தெரியாத பிள்ளையின் குரல் ஒளிந்துகொள்கிறது. நல்ல நினைவாற்றல் உள்ள பிள்ளைக்கு இது இன்னும் எளிது. தமிழ் எழுத்துகள் 247. அவற்றில் 216 உயிர்மெய். ‘க, கா, கி’ என்று வரிசையாகச் சொல்லும் பிள்ளை, வரிசையைக் கலைத்தால் தடுமாறுகிறது. அதிலும் கொ, கோ, கௌ போன்றவற்றில் எழுத்தின் இருபுறமும் குறிகள் வருவதால் எதை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் விழிக்கிறது. இதை ஒவ்வொரு பிள்ளையாக அருகில் அமர்த்திக் கேட்டால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும்.

ஆசிரியர்கள்மேல் பழி போடுவது நம் நோக்கமன்று. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, தொடக்கப்பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்களே. வகுப்புகளோ ஐந்து! ஒரு ஆசிரியை மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்துக்கொண்டு, பதிவேடும் எழுதி, உணவையும் கவனிக்கிறார். உதவிபெறும் பள்ளியில் அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கு மட்டுமே அரசு ஊதியம் தரும். பிள்ளைகள் குறைந்தால் பணியிடமும் போகும். ஆசிரியர் குறைந்தால் பெற்றோர் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றுகிறார்கள். இந்தச் சுழலில் நம் பள்ளிகள் பல சிக்கியுள்ளன. போதாததற்குக் கொரோனா காலம். 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப்பள்ளிகள் தமிழகத்தில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அரசு 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தைத் தொடங்கியது இந்த இழப்பை ஈடுசெய்யத்தான்.

அச்சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தபோது நம்மில் பலர் நிம்மதி அடைந்தோம். சிறுபான்மை உரிமையைக் காப்பது தேவையே. ஆனால் நமக்கென்று இன்னொரு சட்டம் உண்டு என்பதை அன்று யாரும் நினைவூட்டவில்லை. திருஅவைச் சட்டத் தொகுப்பின் 806ஆம் எண், கத்தோலிக்கப் பள்ளியில் தரப்படும் கல்வி அப்பகுதியின் மற்றப் பள்ளிகளின் தரத்துக்காவது இணையாக இருப்பதைப் பொறுப்பாளர்கள் உறுதிசெய்ய வேண்டும் என்கிறது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கை, ஏழைகள்மீதும், குடும்பத்தின் அரவணைப்பு இல்லாதவர்கள்மீதும், நம் விசுவாசத்தில் இல்லாதவர்கள்மீதும் தனி அக்கறை கேட்கிறது. இன்று நம் தொடக்கப்பள்ளியின் பெஞ்சுகளில் அமர்ந்திருப்பவர்கள் இவர்கள்தாம். ஓரளவு வசதி உள்ள பங்குமக்கள் தங்கள் பிள்ளைகளை எப்போதோ ஆங்கிலவழிப் பள்ளிகளில் சேர்த்துவிட்டார்கள். அவர்களைக் கடிந்து பயனில்லை. தரம் இருந்திருந்தால் சிலராவது இங்கேயே இருந்திருப்பார்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். கெபி கட்ட வேண்டும் என்று அறிவித்தால் நன்கொடையாளர்கள் வரிசையில் நிற்கிறார்கள். பள்ளியின் கதைப் புத்தகங்களோ தலைமை ஆசிரியை அறையின் பீரோவில் பூட்டிக் கிடந்தன. கிழிந்துவிடும் என்ற பயமாம்! கிழியட்டும் என்று திறக்கச் சொன்னோம்.

நாசரேத்துத் தொழுகைக்கூடத்தில் ஆண்டவர் எழுந்து நின்று, ஏட்டுச்சுருளை விரித்து, உரிய இடத்தைக் கண்டு வாசித்ததாக லூக்கா நற்செய்தி 4ஆம் அதிகாரம் கூறுகிறது. அந்தச் சிற்றூரில் யாரோ அவருக்கு எழுத்துக் கற்றுத் தந்திருக்க வேண்டும். அது யார் என்று நற்செய்தி சொல்லவில்லை.

ஆசிரியைகளோடு அமர்ந்து, மூன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளைத் தனித்தனியே ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னோம். தடுமாறியவர்கள் நாம் எண்ணியதைவிட அதிகம். அவர்களுக்காக மாலையில் பள்ளித் திண்ணையில் ஒரு மணி நேரம் வாசிப்பு நடக்கிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், இளையோர் இயக்கப் பிள்ளைகள் சிலரும் வருகிறார்கள். இன்னும் ஆள் வேண்டும். உங்கள் பங்கிலும் பங்குப் பேரவையில் பேசி இதைத் தொடங்கலாம். அன்பியத்துக்கு ஒருவர் வந்தாலே போதும். வருபவருக்கு இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு பிள்ளையின் அருகில் அமர்ந்து, அது எழுத்துக்கூட்டி முடிக்கும்வரை அவசரப்படுத்தாமல் கேட்கத் தெரிந்திருக்க வேண்டும்.