சொல்லாமல் எழுந்து போகிறவர்

கேம்பிரிட்ஜில் இருந்தபோது கணித மேதை ராமானுஜன் ஒரு நாள் நண்பர் ஒருவரைத் தன் அறைக்கு விருந்துக்கு அழைத்தார். நண்பருக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மணப்பெண்ணும் இன்னொரு பெண்ணும் உடன் வந்தார்கள். சமையல் முழுக்க ராமானுஜனின் கைதான். முதலில் சூப்பு பரிமாறினார். நம்மூர் ரசமாகத்தான் இருந்திருக்கும். எல்லோரும் குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார்கள், ஊற்றினார். மறுபடியும் ஊற்ற வந்தபோது பெண்கள் இருவரும் போதும் என்று சொல்லிவிட்டார்கள். சற்று நேரத்தில் பார்த்தால் ராமானுஜனைக் காணவில்லை. நண்பர் கீழே போய் விசாரித்ததில், அவர் வண்டி பிடித்துப் போய்விட்டதாகத் தெரிந்தது. காத்திருந்தார்கள், வரவில்லை. நாலு நாள் கழித்துத் திரும்பி வந்தார். ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போயிருக்கிறார். தான் பரிமாறியதை அவர்கள் வேண்டாம் என்றது மனத்தைப் புண்படுத்திவிட்டது, அவர்கள் இருக்கும்வரை அந்த அறையில் இருக்க முடியவில்லை என்று பிறகு சொன்னார்.

இதைக் கேட்டதும் பலரும் 'மேதைகள் அப்படித்தான்' என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அது விளக்கம் ஆகாது. ஆளுமை உளவியல் என்ற துறை இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. ஒரு மனிதர் ஏன் இப்படி இருக்கிறார், ஏன் மற்றவரைப் போல் இல்லை என்று கேட்பதே அதன் வேலை. அதன் கோட்பாடுகள் சிலவற்றை ராமானுஜன் வாழ்க்கையில் வைத்துப் பார்க்கலாம். எது எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதும் அப்போது தெரியும்.

இன்று அதிகம் பயன்படும் கோட்பாடு குணங்களை ஐந்து பெரும் பிரிவுகளாக அளப்பது: புதியதை நாடும் மனம், ஒழுங்கும் பொறுப்பும், கலகலப்பு, இணக்கம், எளிதில் கலங்கும் இயல்பு. எல்லோரிடமும் ஐந்தும் உண்டு, அளவுதான் வேறு. ராமானுஜனுக்கு முதலாவது எக்கச்சக்கம் என்று எவரும் சொல்லிவிடலாம். இரண்டாவதில் திணறுவோம். 1905-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாமல் உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து, எஃப்.ஏ. தேர்வில் கணக்கைத் தவிர மற்றவற்றில் கோட்டைவிட்டார். பொறுப்பில்லாதவர் என்று மதிப்பெண் போடலாமா? அதே ஆள் வருடக்கணக்கில், யாரும் கேட்காமலே, நோட்டுப் புத்தகங்களில் ஆயிரக்கணக்கான முடிவுகளை எழுதி வைத்தவர். கலகலப்பிலும் இதே சிக்கல். கூச்ச சுபாவி என்றுதான் நமக்கு அவரைப் பழக்கப்படுத்தியிருக்கிறார்கள். ஆனால் நண்பர்கள் நினைவில் இருப்பவர், வேடிக்கைக் கதை சொல்லத் தொடங்கி, முடிவு வருவதற்குள் தானே சிரித்துத் தள்ளுகிறவர்.

ஐந்து எண்களில் ஒரு மனிதரைப் பிடிக்கும்போது கிடைப்பது சராசரி மட்டுமே. ஆபீசில் பசுவாக இருந்து வீட்டில் புலியாகிறவரை நமக்கெல்லாம் தெரியும். அவரைப் 'பாதிக் கோபக்காரர்' என்றால் இரண்டு இடத்திலும் தப்பு. வால்டர் மிஷெல் என்ற அமெரிக்க உளவியலாளர் 1968-லேயே இதைச் சொல்லிப் பெரிய சண்டையைக் கிளப்பினார். பின்னர் 1995-ல் யூச்சி ஷோடாவுடன் சேர்ந்து ஒரு வழியும் சொன்னார்: சராசரியை விடுங்கள், 'இன்னது நடந்தால் இவர் இன்னது செய்வார்' என்ற தொடர்பைத் தேடுங்கள், ஒருவரின் கையெழுத்து அதில்தான் இருக்கிறது என்றார். என் பார்வையில், பிரபலமானவர்களின் வாழ்க்கையைப் படிக்க இதைவிடக் கைக்கு அடக்கமான கருவி கிடையாது.

விருந்திலிருந்து எழுந்து போன சம்பவத்தைக் கையில் வைத்துக்கொண்டு பின்னோக்கிப் போவோம். பள்ளியில் படிக்கும் வயதில் கணக்குப் பரீட்சை ஒன்றில் 45-க்கு 42 வாங்குகிறார். கூடப் படிக்கும் பையன் 43. ஒரே ஒரு மார்க்குதான். ராமானுஜன் அந்தப் பையனோடு பேச்சை நிறுத்திவிடுகிறார். சில வருடம் கழித்து, சைன், கோசைன் பற்றித் தானாகவே ஒன்றைக் கண்டுபிடித்து மகிழ்ந்திருக்கிறார். ஆய்லர் என்ற கணித மேதை 150 வருடத்துக்கு முன்பே அதைக் கண்டுவிட்டார் என்று தெரியவருகிறது. அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக் கூரையில் ஒளித்து வைக்கிறார். உதவித்தொகை போனதும் வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிடுகிறார். அப்போது 17 வயது. சண்டை போடவில்லை, யாரையும் திட்டவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்த இடத்திலிருந்து தன்னையோ தன் தாளையோ தன் பேச்சையோ அகற்றிக்கொள்கிறார்.

தோல்வி வந்தால் விலகுகிறார் என்று சொல்லிவிடலாமா? இந்த இடத்தில் பொறுமை வேண்டும். பின்னால் தன்னை இங்கிலாந்துக்கு வரவழைத்த கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதுவதற்கு முன் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பேக்கர், ஹாப்சன் என்ற இரண்டு பெரிய கணிதவியலாளர்களுக்கும் அவர் எழுதினார், இருவரும் கைவிரித்தார்கள். அப்போது எங்கும் ஓடிப்போகவில்லை. 1913 ஜனவரி 16-ல் மூன்றாவது ஆளுக்கு எழுதினார். பதில் போட்ட ஹார்டி, நிரூபணம் எங்கே என்று விடாமல் கேட்டபோதும் பின்வாங்கவில்லை. தயங்காமல் பதில் எழுதி, தான் அரைவயிற்றுக்குச் சாப்பிடும் நிலையில் இருப்பதையும், உதவித்தொகை கிடைக்க ஹார்டியின் கடிதம் துணை செய்யும் என்பதையும் சேர்த்தே சொன்னார். ஆக, முன்பின் தெரியாதவர்கள் நிராகரித்தால் அவருக்கு வலிக்கவில்லை. தன்னை உயர்வாக நினைக்கிறவர்கள் என்று அவர் நம்பியவர்களின் கண்முன்னே, தான் மிகவும் பெருமைப்பட்ட ஒன்று ஒரு படி தாழ்ந்துபோனால், அதுதான் தாங்கவில்லை. வகுப்புத் தோழன், அம்மா, விருந்தாளி எல்லோரும் இந்த வகையில் வருகிறார்கள். 'தொட்டாற்சுருங்கி' என்று ஒரே சொல்லில் முடித்திருந்தால் இந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்காது.

அம்மா என்றதும் பிராய்டின் வழிவந்தவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அவர்களுக்கு இங்கே பொருள் நிறைய. ராமானுஜனுக்குப் பிறகு அம்மா கோமளத்தம்மாளுக்குப் பிறந்த மூன்று குழந்தைகள் கைக்குழந்தையாகவே இறந்துபோயின. இரண்டு வயதில் ராமானுஜனுக்கும் அம்மை கண்டது, பிழைத்தார். அடுத்த தம்பி தங்கும்போது இவருக்குப் பத்து வயது. ஜவுளிக்கடைக் கணக்கராக இருந்த அப்பா நாளெல்லாம் கடையில். வீட்டில் இந்த ஒரு பிள்ளையும் அம்மாவும். சமூக உளவியலாளர் ஆஷிஸ் நந்தி 1980-ல் வெளியிட்ட நூலில் ஜகதீஷ் சந்திர போஸையும் ராமானுஜனையும் எடுத்துக்கொண்டு இந்த வகை ஆய்வைச் செய்தார். அவர் தாய்க்குத் தரும் எடை எனக்கு நியாயமாகவே படுகிறது. மகன் கடல் தாண்டிப் போகலாமா என்ற கேள்விக்கு, நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து உத்தரவு கொடுத்ததாக அம்மா சொன்ன பிறகுதான் அந்த வீட்டில் முடிவு கிடைத்தது.

ஆனால் இந்த வழியில் வழுக்கி விழுந்தவர்களில் முதல் ஆள் பிராய்டேதான். 1910-ல் லியனார்டோ டாவின்சியைப் பற்றி ஒரு நூல் எழுதினார். தொட்டிலில் கிடந்தபோது ஒரு பறவை வந்து வாலால் தன் வாயைத் தொட்டதாக லியனார்டோ எழுதி வைத்திருந்த நினைவு அதற்கு அச்சாணி. பிராய்டு படித்த ஜெர்மன் மொழிபெயர்ப்பில் அது பிணந்தின்னிக் கழுகு. எகிப்தில் கழுகு தாய்த்தெய்வம் என்று தொடங்கி, லியனார்டோவின் தாயுறவு வரை ஒரு மாளிகையே எழுப்பிவிட்டார். இத்தாலிய மூலத்தில் இருந்ததோ பருந்து. ராமானுஜனின் சிறுவயதுக் கதைகளை நாம் கையாளும்போதும் இந்தப் பயம் வேண்டும். பலவும் அவர் புகழடைந்து, இறந்தும் போன பிறகு, தோழர்களும் அண்டை அயலாரும் நினைவிலிருந்து சொன்னவை. மேதையின் பால்யம் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவர் எதிர்பார்த்தாரோ, சொல்பவர் நினைவும் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும். மேலே நான் கோத்த மணிகளுக்கும் இது பொருந்தும்.

உளவியலாளர் எரிக் எரிக்சன் இன்னொரு சாவி தருகிறார். லூதர், காந்தி இருவரைப் பற்றியும் முழு நூல்கள் எழுதியவர். இளமையில் சிலருக்கு 'நான் யார்' என்பது முடிவாகாமல் ஓர் இடைக்காலம் தேவைப்படுகிறது, வெளியிலிருந்து பார்த்தால் வீணாகப் போவதுபோல் தெரியும், உள்ளே வேலை நடந்துகொண்டிருக்கும் என்றார் அவர். 1907-லிருந்து 1912 வரையான ராமானுஜன் இதற்கு அச்சு அசல். பட்டமில்லை, வேலையில்லை. கும்பகோணம் சாரங்கபாணி சன்னிதித் தெருவில் அவர் வீடு இன்றும் இருக்கிறது, சின்ன வீடு. அதன் திண்ணையில் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். காகிதம் விலை அதிகம், அதனால் கணக்கெல்லாம் சிலேட்டில். துணி தேட நேரமில்லாமல் முழங்கையாலேயே அழிப்பார். முடிவு மட்டும் நோட்டுக்குப் போகும். நிரூபணங்கள் நமக்குக் கிடைக்காமல் போனதில் அந்த முழங்கைக்கும் பங்குண்டு. தெருவில் போகிறவர்களுக்கு அவர் வேலைவெட்டி இல்லாத பையன். அம்மா பார்த்த மருந்து 1909-ல் கல்யாணம். ஜானகிக்கு அப்போது பத்து வயதுதான். எரிக்சன் சொன்ன இடைக்காலத்தை ஐரோப்பியப் பையன் ஒருவன் மடத்திலோ ஊர் சுற்றியோ கழிக்கலாம். கும்பகோணத்தில் அது திண்ணையில், எல்லோர் கண்ணிலும் படும்படி கழிந்தது. கோட்பாட்டை ஊர் மாற்றிப் போடும்போது இப்படித் தையல் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கிறது.

டான் மெக்காடம்ஸ் என்ற உளவியலாளர் இவற்றையெல்லாம் அடுக்காகப் பார்க்கச் சொல்கிறார். அடியில் குணம், அதன்மேல் ஆசைகளும் இலக்குகளும், உச்சியில் ஒருவர் தன்னைப்பற்றித் தனக்கே சொல்லிக்கொள்ளும் கதை. ராமானுஜனின் கதை ஹார்டிக்கு எழுதிய முதல் கடிதத்தின் தொடக்கத்திலேயே கிடைக்கிறது. சென்னைத் துறைமுகக் கழகத்தில் வருடத்துக்கு 20 பவுண்டு சம்பளத்தில் குமாஸ்தா. பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது. தனக்கென்று ஒரு புதிய பாதை போட்டுக்கொண்டிருப்பவன். தோற்ற மாணவன் என்ற கதையைத் தனிவழி போனவன் என்ற கதையாக அவர் அதற்குள் மாற்றி எழுதிக்கொண்டுவிட்டார். அதே கடிதத்தில் வயது சுமார் 23 என்கிறார். அவருக்கு 25 முடிந்திருந்தது. இரண்டு வருடத்தை ஏன் குறைத்தார் என்று ஊகிக்கக் கை துறுதுறுக்கும். பருந்தைக் கழுகாக்கியவரை நினைத்துக்கொண்டு நான் அதைத் தொடாமல் விடுகிறேன்.

1918 தொடக்கத்தில் நடந்ததற்குக் கோட்பாடுகளைக் கொண்டுபோகும்போது கை நடுங்க வேண்டும். லண்டன் சுரங்க ரயில் நிலையம் ஒன்றில் ராமானுஜன் உயிரை விட முயன்றார். காவலர் ஒருவரின் சமயோசிதத்தால் பிழைத்தார். இந்தச் செய்தியை 1936-ல் ஹார்டி சொல்லித்தான் வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகர் தெரிந்துகொண்டார். மார்க்கு, கூரை, விசாகப்பட்டினம், ஆக்ஸ்ஃபோர்டு, கடைசியில் இது என்று ஒரே கோட்டில் சேர்த்துவிட முடியும். முந்தின வருடம்தான் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி அவரை ஃபெலோவாகத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தது, அதுவும் பொருந்தும். பொருந்துகிறதே என்பதால்தான் எனக்கு அச்சம்.

அன்று அவர் மனத்தைச் சுற்றி என்னவெல்லாம் இருந்தன என்று பாருங்கள். 1917-லிருந்து படுத்த படுக்கை, ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்கு. காசநோய் என்று வைத்தியம் நடந்தது. கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாகத்தான் இருந்திருக்கும் என்று 1994-ல் மருத்துவர் ஒருவர் பழைய குறிப்புகளை ஆராய்ந்து வாதிட்டார். அப்படியானால் அது குணப்படுத்தக்கூடியது. உலகப்போர், கடலில் நீர்மூழ்கிக் கப்பல்கள், ஊர் திரும்ப வழியில்லை. சைவம் மட்டுமே சாப்பிடுகிறவருக்குப் போர்க்கால இங்கிலாந்தில் சாப்பாடு இல்லை. மனைவியிடமிருந்து கடிதமில்லை. தான் எழுதியதை மாமியார் அனுப்பவிடவில்லை என்று ஜானகியே பின்னாளில் சொன்னார். இத்தனையும் ஒரு சேர விழுந்தால் எந்தக் குணம் படைத்தவரும் ஒடிந்துபோகலாம். ஆளுமை உளவியல் ஒருவரின் போக்கைச் சொல்லும், ஒரு குறிப்பிட்ட நாளின் காரணத்தைச் சொல்லாது. நோயும் பசியும் தனிமையும் இருக்கும் இடத்தில் குணத்தைக் காரணமாக்கினால், அவருக்குச் செய்யத் தவறியதையெல்லாம் அவர் தலையிலேயே கட்டிவிடுகிறோம்.

அந்த 1918-லேயே ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது; அக்டோபரில் டிரினிட்டியும் ஃபெலோ பதவி தந்தது. 1919-ல் ஊர் திரும்பினார். வந்தபின் ஹார்டிக்கு மாதக்கணக்கில் ஒரு வரி கூட எழுதவில்லை. மறுபடியும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார் என்றே ஹார்டி நினைத்திருக்கலாம்.

1920 ஜனவரியில் கடிதம் வந்தது. இத்தனை நாள் எழுதாததற்கு மன்னிப்புக் கேட்டுத் தொடங்கி, அடுத்த மூச்சில் கணக்குக்குள் போகிறது: 'மாக் தீட்டா' என்று தான் பெயர் வைத்த புதுவகைச் சார்புகள், ஒன்றன்பின் ஒன்றாக. எழுந்து உட்காரவும் தெம்பில்லாத உடம்போடு, சென்னையில் படுக்கையில் கிடந்தபடி செய்தவை. இன்னும் மூன்று மாதம் எழுதினார். ஏப்ரல் 26-ல் இறந்தபோது வயது 32. பக்கத்தில் இருந்து தாள்களை எடுத்துக் கொடுத்தும் சேர்த்து வைத்தும் கொண்டிருந்தவர் ஜானகி.