பிக்கரிங்கில் ஒரு மழைத்தோட்டம் அமைத்தல்

கனடாவின் பிக்கரிங் நகரின் தென்விளிம்பில் ஃபிரெஞ்ச்மன்ஸ் பே என்னும் ஆழங்குறைந்த களப்பு இருக்கிறது. ஒன்ராறியோ ஏரியிலிருந்து அதைப் பிரிப்பது ஒரு மணற்றிட்டு. அம்பர்லீ, டன்பார்ட்டன், பைன், குரோஸ்னோ ஆகிய சிற்றோடைகள் ஏறத்தாழ 27 சதுர கிலோமீற்றர் நிலத்தின் நீரை அதில் சேர்க்கின்றன. அந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று கூரையும் தாரும் கொங்கிறீற்றும். விழுந்த மழை மண்ணுக்குள் இறங்காமல் வடிகுழாய் வழியே ஓடைக்குப் பாய்கிறது, கரையை அரிக்கிறது, வண்டலையும் பொசுபரசையும் களப்பில் கொண்டுபோய்க் கொட்டுகிறது.

1990களில் யுனெஸ்கோவின் நீரியல் திட்டத்தில் உருவெடுத்த சூழல்நீரியல், நீரையும் உயிரினங்களையும் ஒன்றையொன்று சீர்செய்யும் இணையாகப் பார்க்கிறது. அந்தக் கொள்கையை ஒரு வீட்டு முற்றத்தின் அளவுக்குக் கொண்டுவருவது, கூரை நீரைத் தேக்கி மண்ணுக்குள் இறக்கும் செடிப் பள்ளமான மழைத்தோட்டம். ரொறன்ரோ வட்டார நீர்வளக் காப்பு ஆணையமும் கிரெடிட் வலி ஆணையமும் மழைநீர் மேலாண்மைக்கான ஒரு வடிவமைப்புக் கையேட்டை 2010இல் வெளியிட்டன. அதன் கணக்குகள் முற்றத்துக்கும் பொருந்துகின்றன.

முதல் வேலை கணக்கு. கூரையின் ஒரு பக்கத்துப் பீலியில் இறங்கும் நீரை எடுத்துக்கொள்வோம். அந்தப் பக்கத்தின் பரப்பு 60 சதுர மீற்றர் என்க. இவ்வட்டாரத்தில் பெய்யும் மழைகளில் மிகப் பெரும்பான்மை 25 மில்லிமீற்றருக்கு உட்பட்டவை. 60 சதுர மீற்றரில் 25 மில்லிமீற்றர் பெய்தால் 1,500 லீற்றர். 10 சதுர மீற்றர் தட்டையான அடிப்பரப்பில் 15 சென்ரிமீற்றர் உயரத்துக்கு நிற்கும் நீரும் 1,500 லீற்றரே. கூரைக்கும் தோட்டத்துக்கும் விகிதம் ஆறுக்கு ஒன்று. கையேடு அனுமதிக்கும் எல்லை ஐந்துக்கு ஒன்று முதல் பதினைந்துக்கு ஒன்று வரை.

கூரை நீரை மட்டும் எடுப்பதற்குத் திடமான காரணம் உண்டு. குளிர்காலத்தில் தெருவிலும் வாகனப் பாதையிலும் உப்புக் கொட்டுகிறார்கள். இக்களப்பின் நீரேந்து பரப்பில் ஓராண்டுக்கு ஏறத்தாழ 7,600 தொன் உப்புப் போடப்படுவதாக 2009இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. 401ஆம் நெடுஞ்சாலை இந்நீரேந்து பரப்புக்குள்தான் ஓடுகிறது. நீரில் கரைந்த குளோரைட்டை மணலும் பிடிக்காது, வேரும் பிடிக்காது. அது நேரே நிலத்தடி நீருக்குப் போய்விடும். ஆகவே உப்பு நீர் தோட்டத்துக்குள் வராதபடி சாய்வை வைப்பதே சரியான வேலை. உப்பைக் குறைக்க ஒரே வழி குறைவாகப் போடுவதுதான்.

அடுத்தது இடம். அத்திவாரத்திலிருந்து குறைந்தது 4 மீற்றர் தள்ளி, பெரிய மரங்களின் வேர்ப்பரப்புக்கு வெளியே தோட்டம் அமைய வேண்டும். மண்வெட்டியைத் தொடுமுன் ‘ஒன்ராறியோ வன் கோல்’ சேவைக்கு அறிவிப்பது சட்டப்படி கட்டாயம். எரிவாயு, மின்சாரம், தொலைபேசிக் கம்பிகள் போகும் தடத்தை அவற்றின் நிறுவனங்கள் இலவசமாகக் குறித்துத் தரும்.

பிறகு மண் சோதனை. 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டி நீர் நிரப்பி வடியவிட வேண்டும். மீண்டும் நிரப்பி, அளவுகோலை நட்டு, மணிக்கு எத்தனை மில்லிமீற்றர் இறங்குகிறது என்று குறிக்க வேண்டும். பனியுகத்தின் முடிவில் இங்கே கிடந்த இரோகுவா ஏரியின் பழைய கரையோரங்களில் மணல் உண்டு; நீர் விரைவாக இறங்கும். அதைவிட்டு விலகினால் பனிப்பாறை அரைத்து விட்டுச்சென்ற களிமண். மணிக்கு 15 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் அடியில் சரளைப் படுக்கையும் துளையிட்ட குழாயும் வேண்டும். நமது மண் அதற்கு மேல் என்று கொண்டு தொடர்வோம்.

இப்போது கிடங்கு. தேங்குநீருக்கு 15, மூடாக்குக்கு 7.5, மண்கலவைக்கு 45 என மொத்தம் 67.5 சென்ரிமீற்றர். வெட்டும் இயந்திரம் வெளியே நின்றுதான் வெட்ட வேண்டும். அது உள்ளே இறங்கினால் அடிமண் இறுகி, முன்பு செய்த சோதனை பொய்த்துப்போகும். வெட்டி முடிந்ததும் தோட்ட முள்ளுக்கரண்டியால் அடியைக் கிளறிவிட வேண்டும். அடியில் துணி விரிப்பது கூடாது. நுண்மண் படிந்து அடைத்துக்கொள்ளும்.

இந்த வேலையின் உயிர் மண்கலவையில் இருக்கிறது. எடைக்கணக்கில் மணல் 85 முதல் 88 விழுக்காடு, வண்டலும் களியும் சேர்ந்து 8 முதல் 12, கூட்டெரு போன்ற உயிர்ப்பொருள் 3 முதல் 5. மணல் வழிவிடுகிறது; களி பொசுபரசையும் உலோகத்தையும் பற்றிக்கொள்கிறது; உயிர்ப்பொருள் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. தோட்டம் செழிக்கட்டும் என்று கூட்டெருவை அள்ளிப் போடுவோர் பலர். மிகுந்த எருவிலிருந்து பொசுபரசு கரைந்து வெளியேறும். களப்பில் பாசியை வளர்ப்பதும் அதுவே. வேண்டிய கலவை 4.5 கன மீற்றர். அமிழ்வதைக் கருதி 5 வாங்குவது நல்லது. 15 சென்ரிமீற்றர்ப் படைகளாக மூன்று முறை நிரப்பி, ஒவ்வொரு படையையும் மிதிக்காமல் நீர் தெளித்து அமர்த்த வேண்டும்.

பின்னர் வாய்க்காலும், மிஞ்சும் நீர் வழியும் வானும். பீலிக்குழாயின் முனையிலிருந்து கற்கள் பதித்த சிறு வாய்க்கால், மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவில் தோட்டத்துக்கு வருகிறது. தாழ்ந்த பக்கத்தில், வெட்டிய மண்ணைக் கொண்டே ஒரு வரம்பு கட்டப்படுகிறது. வரம்பின் உச்சி மூடாக்கின் மேற்பரப்பிலிருந்து 20 சென்ரிமீற்றர். அதில் ஓரிடத்தில் மட்டும் 15 சென்ரிமீற்றர் உயரத்தில் கல் பதித்த இறக்கம். இலங்கையின் வன்னிக் குளங்களில் வான் செய்யும் வேலைதான் இதற்கும்: மிஞ்சும் நீர் கட்டை உடைக்காமல், குறித்த வழியில், அயல்வீட்டுக்குப் போகாமல் வெளியேறும். நூல் கட்டி மட்டம் பார்ப்பதில் அரை மணி கூடுதலாகச் செலவானாலும் தகும்.

நடுகைக்கு மே மாத இறுதி, உறைபனி நீங்கிய பின். சில நாள் நீர் நின்றாலும் தாங்கும் சதுப்பு மில்க்வீட், புளூ ஃபிளாக் ஐரிஸ், ஜோ-பை வீட் நடுவில். ஸ்விட்ச் கிராஸ், நியூ இங்கிலாந்து அஸ்டர் சரிவில். வறட்சி தாங்கும் லிற்றில் புளூஸ்ரெம் மேல்விளிம்பில். எல்லாம் இந்த மண்ணின் செடிகள். 45 சென்ரிமீற்றர் இடைவெளியில் அடிப்பரப்புக்கு மட்டும் ஏறத்தாழ 50 கன்றுகள். வேர்கள் ஆழச் சென்று, மடிந்து, புதிதாக வளரும்தோறும் மண்ணில் துளைகள் திறந்தபடியே இருக்கும். வெறும் மணல் வடிகட்டி நாளடைவில் அடைபடும். மழைத்தோட்டத்தை வேர்கள் தாமே திறந்துவைக்கின்றன. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

நட்ட பின் துருவிய வன்மரச் சிராய்களை 7.5 சென்ரிமீற்றருக்கு மூடாக்காகப் பரப்ப வேண்டும், 0.75 கன மீற்றர் போதும். பட்டைத் துண்டுகள் மிதந்து வானை அடைக்கும். முதல் கோடையில் மழையற்ற வாரந்தோறும் 250 லீற்றர் ஊற்ற வேண்டும். அது 25 மில்லிமீற்றர் மழைக்குச் சமம். இலையுதிர்காலத்தில் வாய்க்காலின் இலைகளை அள்ள வேண்டும். காய்ந்த தண்டுகளை வசந்தம் வரை வெட்டாமல் விட்டால் காட்டுத் தேனீக்கள் அவற்றில் தங்கும்.

கடைசிச் சோதனை முதல் பெருமழைக்குப் பின். சென்ரிமீற்றர் குறித்த ஒரு கோலை நடுவில் நட்டு, மழை விட்ட நேரத்தையும் நீர் மறைந்த நேரத்தையும் குறித்துக்கொள்ள வேண்டும். 24 மணிநேரத்துக்குள் மறைந்தால் சிறப்பு, 48 மணிநேரம் வரை ஏற்கலாம். கொசு முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரமளவு தேவை என்பதால் அதுவரை அச்சமில்லை. 48 மணிநேரத்தைத் தாண்டினால் வாய்க்கால் சேரும் இடத்தில் படிந்த வண்டலை 5 சென்ரிமீற்றர் அளவுக்குச் சுரண்டியெடுத்து, அதே கலவையை அங்கே இட்டு, மூடாக்கை மீண்டும் பரப்பி, அடுத்த மழையில் கோலைப் பார்க்க வேண்டும்.